கடுகு டப்பாவில் ஒரு மெமோ: இலவச சட்ட உதவி எப்படி இயங்குகிறது?

எங்கள் தெருக்கோடியில் ஓர் அக்கா இருக்கிறார். விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பது தொழில். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று யார் வந்து நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை இலை?” அடுத்தது, “சாமான் உங்களுதா, என்னுதா?” இந்த இரண்டுக்கும் பதில் வராமல் விலை சொல்ல மாட்டார்.

ஒரு வளைகாப்புக்கு 300 இலை போட்டார். அட்வான்ஸ் போக மீதி 48,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார்கள். வங்கியில் போட்டார், கணக்கில் போதிய பணம் இல்லை என்று திரும்பி வந்தது. கூடவே வங்கி ஒரு சின்ன மெமோவையும் கொடுத்தது. “கேஸ் போட்டா கையில இருக்கிறதும் போயிடும்” என்று நாலு பேர் சொல்ல, அதை மடித்துக் கடுகு டப்பாவுக்குள் வைத்துவிட்டார். அவர் என்னிடம் அதை எடுத்துக் காட்டிய அன்று மெமோ வந்து 19 நாள் ஆகியிருந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. தேதி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. ஏன் என்று அவருடைய சமையற்கட்டிலேயே உட்கார்ந்து, அவருடைய சட்டி பானைகளை வைத்தே சொன்னேன். அதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

மாவு காத்திருக்காது

மாவு ஆட்டி வைத்தால் ராத்திரியில் பொங்கும், காலையில் இட்லி ஊற்றலாம். இரண்டு நாள் வெளியிலேயே விட்டால் என்ன செய்தாலும் அந்தப் புளிப்பு போகாது. ஒவ்வொரு வழக்குக்கும் இப்படி ஒரு நேரம் உண்டு. அதைக் காலவரையறை என்பார்கள். உங்கள் பக்கம் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தாலும், காலம் கடந்துபோனால் நீதிமன்றம் கதவைத் திறப்பது கடினம்.

காசோலைக்கான கணக்கு இது. காசோலையை அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பியது என்ற தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குப் போனதும் எதிர்த்தரப்புக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகார் தாமதமானால், தகுந்த காரணம் சொன்னால் நீதிமன்றம் மன்னிக்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த மன்னிப்பு கிடையாது. காசோலையின் ஆயுள் முடியாமல் இருந்தால் அதை மறுபடி வங்கியில் போட்டு, புது மெமோ வாங்கி, அதிலிருந்து புதிதாக 30 நாள் எண்ணலாம்; 2012-ல் உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. அக்காவின் காசோலைக்கு அந்த 3 மாதம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆக, கையில் மிச்சம் இருந்தது 11 நாள்.

புரோநோட்டுக் கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டு, நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு. வக்கீலிடம் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது “ஜெயிப்போமா?” அல்ல, “கடைசித் தேதி எது?” என்பதுதான்.

வரிசையும் முக்கியம். பருப்பும் காயும் வேகும் முன்னே புளியைக் கரைத்து விட்டால், பிறகு எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அவை விறைத்துக்கொண்டுதான் நிற்கும். அக்காவுக்கு முதலில் தோன்றியது காவல் நிலையம். “ஸ்டேஷன்ல ஒரு புகார் குடுத்து மிரட்டச் சொல்லலாமா தம்பி?” என்றார். காசோலை வழக்கு காவல் நிலையத்தில் தொடங்குவது அல்ல. நோட்டீஸ், அவகாசம், அதன் பிறகு நேராக நீதிமன்றத்தில் புகார், இதுதான் வரிசை. ஸ்டேஷன் வாசலில் போகிற நாட்கள் அந்த 30 நாளில்தான் கழியும்.

பொது அடுப்பு

“வக்கீலுக்குக் குடுக்க எங்கிட்ட ஏது?” என்றார் அக்கா. இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

ஊரில் ஒரு பொது அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதற்கு விறகு வாங்குவது அரசு, சமையலுக்கு ஆள் போடுவது அரசு. அரசியல் சட்டத்தில் 1976-ல் 42-ஆவது திருத்தத்தின் வழியே 39அ என்ற பிரிவு வந்தது. பணம் இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது அதன் சாரம். நீதிபதிகள் வி.ஆர்.கிருஷ்ணய்யரும் பி.என்.பகவதியும் இதற்காக மன்றாடியவர்கள். 1987-ல் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் நிறைவேறியது. 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் 12-ஆவது பிரிவுதான் பந்தி வாசல். யாரெல்லாம் உள்ளே வரலாம் என்று அது சொல்கிறது: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், ஆள் கடத்தலுக்கும் கொத்தடிமைக்கும் ஆளானவர்கள், வெள்ளம், நிலநடுக்கம், சாதி வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள், காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள். இவர்களில் யாருக்கும் வருமானக் கணக்கு கிடையாது. ஒரு பெண் வசதியானவராக இருந்தாலும் பெண் என்பதாலேயே தகுதி உண்டு. இந்தப் பட்டியலில் வராத ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். அதற்குக்கூட வருமானச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதில்லை. பிரமாணப் பத்திரம் ஒன்று போதும், அதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லாத வரை.

அடுப்பு எங்கே எரிகிறது? தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே. அங்கே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். அந்த இடத்தின் மூத்த நீதிபதி அதன் தலைவர். மாவட்டத் தலைநகரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. முதன்மை மாவட்ட நீதிபதி தலைவர், நீதிபதி பதவியில் உள்ள ஒருவர் செயலாளர். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநில ஆணைக்குழு. உயர் நீதிமன்ற வழக்குகளுக்குச் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் தனிக் குழுக்கள்.

22-ஆம் நாள் காலை அக்காவும் நானும் போனோம். டைப்பிங் கடைகளையும் ஜெராக்ஸ் கடைகளையும் தாண்டி, ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் சின்ன அறை. முன்னால் மரப் பெஞ்சில் ஏற்கெனவே மூன்று பெண்கள். ஒருவர் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் சட்டத் தன்னார்வலர் ஒருவர், பக்கத்தில் ஒரு பெண் வக்கீல். அக்கா வாயால் சொல்லச் சொல்லத் தன்னார்வலரே விண்ணப்பத்தை நிரப்பினார். எழுதத் தெரியாதவர்கள் சொன்னாலே போதும், எழுதிக்கொள்வார்கள். தமிழில்தான். வக்கீல் மெமோவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “எட்டு நாள்தாம்மா இருக்கு” என்றார். விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்க அவர்களுக்கு விதிப்படி 7 நாள் வரை நேரம் உண்டு. தேதி நெருக்குகிறது என்பதால் அன்று மதியமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 26-ஆம் நாள் நோட்டீஸ் தபாலில் போயிற்று.

இதற்கு அக்கா கொடுத்தது ஒன்றுமில்லை. வக்கீல் பீஸ், கோர்ட் கட்டணம், சம்மன் பேட்டா, தீர்ப்பு நகல் செலவு எல்லாம் ஆணைக்குழு பார்த்துக்கொள்ளும். அங்கே நியமிக்கப்படும் வக்கீல் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவோ வாங்கவோ கூடாது. ‘குமாஸ்தா செலவுக்கு’ என்று கேட்டாலும் தவறு தவறுதான். செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால் ஆணைக்குழுத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கில் முகாந்திரமே இல்லை என்று தோன்றினால் மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பதால் ருசி இருக்காது என்ற நினைப்பு ஊரில் ஊறிக் கிடக்கிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. இந்த வக்கீல்களுக்கு ஒரு வழக்குக்கு ஆணைக்குழு தரும் பணம் குறைவு. வாய்தாவுக்கு வராமலே விடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு வராமல் விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பொது அடுப்பில் கண்காணிக்க ஒரு குழு இருக்கிறது, வக்கீலை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேட்கலாம். அதனால் என் கருத்து, தகுதி உள்ளவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். இது யாரும் போடும் அன்னதானம் அல்ல, கூச்சப்பட ஒன்றுமில்லை.

கைது என்றால் இன்னும் கடுமையாகச் சொல்வேன். வக்கீல் வைக்க முடியாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 341-ஆவது பிரிவு சொல்கிறது. 1986-ல் சுக்தாஸ் என்பவரின் வழக்கில், இலவச வக்கீல் கிடைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை என்ற காரணத்துக்காக உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது. அவர் கேட்கவில்லை என்பது சாக்கு ஆகாது என்றது. 2022 முதல் மாவட்டங்களில் குற்ற வழக்குகளில் வாதாட மட்டுமே முழு நேர சட்ட உதவி வக்கீல்கள் நியமிக்கப்படுகிறார்கள். வீட்டில் யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் அன்றே 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் அது.

சாமான் உங்களுடையது

அடுப்பும் சமையல்காரரும் இலவசம். அரிசி பருப்பு உங்களுடையது. பணம் கட்டி வைக்கும் வக்கீலுக்கும் இது பொருந்தும். எவ்வளவு கைராசியான ஆளாக இருந்தாலும் வெறும் பானையில் சாம்பார் வைக்க முடியாது.

அக்கா மஞ்சப்பையில் கொண்டுபோனவை: திரும்பிய காசோலை, மெமோ, ஆர்டர் நோட்டு, மளிகைக் கடை பில்கள். வக்கீல் மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு ஆர்டர் நோட்டைத்தான் புரட்டினார். 80 பக்க நோட்டு, எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு பக்கத்தில் தேதி, 300 இலை, இலைக்கு என்ன விலை, அட்வான்ஸ் எவ்வளவு, கீழே ஆர்டர் கொடுத்தவரின் கையெழுத்து. “இது இருக்கிற வரைக்கும் கவலையில்லை” என்றார். அக்காவுக்கு ஆச்சரியம். அந்த நோட்டை அவர் எடைக்குப் போட இருந்தார்.

வாட்ஸ்அப்பில் “நாளைக்கு குடுத்துடறேன்க்கா” என்று வந்த செய்திகளும் சாட்சிதான். ஆனால் அதைப் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டால் மட்டும் ஆகாது, சட்டப்படி அதோடு ஒரு சான்றும் தர வேண்டும்; செய்தி இருக்கும் போனையும் விற்றுவிடாமல் வைத்திருக்க வேண்டும். வக்கீலைப் பார்க்கப் போகும் முன், நடந்ததைத் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவதை அந்த ஒரு தாள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

உப்புப் போட்டதைச் சொல்லுங்கள்

நோட்டீஸ் எழுதும் முன் வக்கீல் கேட்டார்: “காசோலை குடுத்ததுக்கு அப்புறம் அவங்ககிட்டேருந்து ஏதாவது பணம் வந்துச்சாம்மா?”

அக்கா இல்லை என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “ஜிபேல ஒரு அஞ்சாயிரம்...” என்றார். விசேஷத்துக்கு மறுநாள் உறவுக்காரர்களுக்குக் காலை டிபன் செய்து கொடுத்ததற்கு வந்த பணம், இந்தக் கணக்கில் சேராதது. சொன்னால் கேஸ் கெட்டுவிடுமோ என்று பயந்து மறைத்திருக்கிறார்.

ஒருத்தி உப்புப் போட்டுவிட்டுச் சொல்லாமல் போனால், அடுத்து வருகிறவரும் போடுவார். அதற்குப் பிறகு அந்தக் குழம்பை யாரும் மீட்க முடியாது. காசோலை எழுதிய பிறகு ஒரு பகுதிக் கடனை வாங்கிக்கொண்டு, அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால் அது குற்ற வழக்காக நிற்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எதிர்த்தரப்பு அந்த 5,000 ரூபாயை எடுத்துக் காட்டி, “இதோ பாதி வழியில் கொடுத்தது” என்று சொல்லியிருந்தால், குறுக்கு விசாரணைக் கூண்டில் அக்கா திணறியிருப்பார். வக்கீல் உடனே நோட்டைத் திருப்பினார். டிபனுக்குத் தனிப் பக்கம், தனிக் கணக்கு. நோட்டீஸிலேயே அதை எழுதிவிட்டார். மறைக்க நினைத்தது அவருக்கு ஆதாரமாக மாறியது.

வக்கீலிடம் நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. இனிமேல் செய்யப்போகும் தப்புக்கு யோசனை கேட்டால்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை. நடந்ததை முழுக்கச் சொல்லுங்கள். எது உதவும், எது உதவாது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

காசு கொடுத்து வைப்பதானால்

12-ஆவது பிரிவில் வராதவர்கள் உண்டு. மாதச் சம்பளக்காரர், வரம்புக்குச் சற்று மேலே வருமானம், கையிருப்பு இல்லை. இவர்கள் பாடுதான் சிரமம்.

சமையலுக்கு விலை பேசுகிறபோது இலைக் கணக்கா, மொத்தமா என்று கேட்கிறோம். வக்கீலிடம் மட்டும் கேட்க நா எழுவதில்லை. கேளுங்கள். மொத்தத் தொகையா, ஒவ்வொரு வாய்தாவுக்குமா? கோர்ட் கட்டணம், டைப்பிங், குமாஸ்தா செலவு அதில் சேர்ந்ததா? மேல்முறையீடு தனியா? ஜெயித்து வரும் பணத்தில் பங்கு என்று பேசுவது வக்கீல்களுக்கு விதிப்படி கூடாது. அப்படிக் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யவும் தடை இருக்கிறது, ஆகவே பெரிய பலகையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீதிமன்றத்துக்கே ஒரு நாள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

வக்காலத்தைப் படித்த பிறகே கையெழுத்து. மூலப் பத்திரங்களை நீதிமன்றம் கேட்கும் வரை நகலாகவே கொடுங்கள். வழக்குக்கு 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். அதை வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா என்ன தேதி என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைத் தராமல் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லாவற்றுக்கும் வக்கீல் வேண்டும் என்பதும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே வாதாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ கட்டணமே கிடையாது. யோசனை மட்டும் போதும் என்றால் 14454-ல் டெலி-லா சேவை இருக்கிறது. வக்கீல் போனிலேயே பேசுவார்.

கூட்டாஞ்சோறு

நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை. புகார் தாக்கலானது. எதிர்த்தரப்பு இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை, மூன்றாவதில் வந்தார்கள். அங்கிருந்து வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது.

சின்ன வயதில் ஆளுக்கொரு பிடி அரிசி, காய் என்று கொண்டுவந்து ஒரே பானையில் போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். மக்கள் நீதிமன்றம் அந்த மாதிரி. இரண்டு பேரும் ஏதாவது கொண்டுவர வேண்டும். ஒருவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், மற்றவர் கொஞ்சம் சீக்கிரம் கொடுப்பார். இருவரும் ஒப்புக்கொண்டால்தான் தீர்வு. சிவில் வழக்கானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். ஆனால் பானையில் சேர்ந்த அரிசியில் என் பிடி எது, உன் பிடி எது என்று பிறகு பிரிக்க முடியாது. அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் மனமில்லாமல் யாரும் அங்கே கையெழுத்துப் போட வேண்டாம்; முடியாது என்று சொல்லிவிட்டால் வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பும், நஷ்டம் ஒன்றுமில்லை.

அக்கா 48,000 ரூபாயில் 3,000 விட்டுக்கொடுத்தார். மீதி மூன்று தவணை. இரண்டாவது தவணையில் அவர்கள் இழுத்தடித்தபோது, மக்கள் நீதிமன்றத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், காசோலை வழக்கானாலும் அதை நிறைவேற்றச் சொல்லி மனுப் போடலாம் என்ற 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அந்த வக்கீல் அவர்களுக்குப் போனில் நினைவூட்டினார். அடுத்த வாரம் பணம் வந்தது. மூன்றாவதும் வந்தது.

உங்கள் வீட்டில் அலமாரித் தாளுக்கு அடியிலோ, பீரோவிலோ, கடுகு டப்பாவிலோ ஒரு மெமோ, ஒரு நோட்டீஸ், ஒரு சம்மன் மடித்துக் கிடந்தால், அதை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். நாளைக் காலை 10 மணிக்கு உங்கள் தாலுகா நீதிமன்றத்துக்குப் போய், சட்டப்பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள்.